காறையெலும்பின் முடிச்சு

ஸ்வர்ணலதா கம்ப்யூட்டரில் சிலை செய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய முதல் மாதத்தில், புத்தூர் ரயிலடியில் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் அருள்குமாரின் இரண்டு முழங்கைகளும் விலாவின் நடுவுக்கு ஏறிவிட்டன. வலி ஒன்றும் இல்லை. காலையில் சட்டை மாட்டும்போதுதான் தெரிந்தது. மேல்கை குட்டையாகிப்போனதால் ஹேண்டில்பார் எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து ஓட்டினான். கை கால் முறிந்து கட்டுப்போட வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிற ஊர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக விசாரிக்கவில்லை.

காரணம் வீட்டிலேயே இருந்தது. கேம் கம்பெனிகளுக்கு உருவம் செய்து தரும் வேலை கிடைக்குமென்று ஸ்வர்ணலதா திருப்பதியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். ஒன்றரை வயது மகள் ரூபாவை மாமியார் கமலம்மாவிடம் விட்டுவிட்டுக் காலை ரயிலில் போய்வருவாள். முதலில் ஒரு மனித உடம்பு செய்யச் சொன்னார்கள். திரையிலிருந்த களிமண் உருண்டையை இழுத்தும் அழுத்தியும் கணவனையே செய்தாள். பார்த்துச் செய்யவில்லை. நான்கு வருஷம் கூடவே வாழ்ந்தவனைப் பார்க்க வேறு வேண்டுமா என்று நினைத்தாள். பயிற்சியாளர் சுனில் அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முழங்கை இடுப்புக்குக் கிட்டே அல்லவா வரவேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. போன பேட்சில் ஒருத்தியின் அண்ணனுக்குக் காது கன்னத்துக்கு இறங்கிவிட்டதாம். ஃபைலை அழித்தால் ஆளுக்கு என்ன ஆகும் என்று தெரியாததால் யாரும் அழித்துப் பார்த்ததில்லை. எலும்பையும் தசையையும் படித்து, ஆளை நிறுத்திப் படமெடுத்து, பார்த்துப் பார்த்துத் திருத்துவதுதான் வழி என்றார்.

அதற்குப் பிறகு அருள்குமார் மத்தியானச் சவாரி முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்பான். அவள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுப்பாள். கையைத் தூக்கினால் முதுகுப்பக்கத்து எலும்பும் கூடவே நகர்வதையும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுவதையும் விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். முதுகில் ஒரு மச்சம் இருப்பதையே அவள் அப்போதுதான் கண்டாள். தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. மாங்காய் சீசன் முடிந்து லாரிகள் ஓய்வதற்குள் முழங்கைகள் தம் இடத்துக்கு இறங்கிவிட்டன.

அதோடு விட்டிருக்கலாம். அருள்குமார் சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடது காறையெலும்பு முறிந்து, கூடியபோது நடுவில் ஒரு முடிச்சு விட்டிருந்தது. பயிற்சியில் கொடுத்த எலும்புப் பாடப் படத்தில் முடிச்சு இல்லை. ஸ்வர்ணலதா படத்தில் உள்ளபடியே அதை வழவழவென்று இழைத்துவிட்டாள். அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். மறுநாள் அவன் தோள்கள் துணிக்கடை பொம்மையின் தோள்களைப்போல ஒரே மட்டத்தில் நின்றன. ராத்திரியில் குடைகிற வலியும் போய்விட்டது. ஆனால் ரூபா அவனிடம் போக மறுத்தாள். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் பழகியவள். அவன் தூக்கியதும் தோளைத் தடவித் தடவித் தேடினாள். பிறகு யாரோ ஓர் ஆளைப் பார்ப்பதுபோல முகத்தைப் பார்த்து வீறிட்டாள். அந்த வாரம் முழுக்க அப்படியே இருந்தது. அருள்குமார் சரியாகச் சாப்பிடவில்லை.

“வலி இல்லாம நல்லாத்தான் கீது,” என்றான். “ஆனா பாப்பா என்னத் தேடிக்கினு கீது, லதா. நான் அதும் எதிர்லயே நின்னுக்கினு கீறேன்.”

“திரும்ப வச்சா வலியும் வந்துடுங்க.”

“வரட்டும்.”

அவள் பாடப் படத்தை மூடினாள். முதலில் எடுத்த படங்களைத் திறந்து, வெயில் பட்ட இடத்தையும் நிழல் விழுந்த இடத்தையும் பார்த்து, முடிச்சை இருந்த மாதிரியே கொஞ்சம் கோணலாக எழுப்பினாள். மறுநாள் ரூபா தன் நைனா அருள்குமாரின் தோளில் சாய்ந்து, கை போய்ச் சேர்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். ஸ்வர்ணலதா சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

இப்போது அவள் ஒரு பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஓநாய்களும் அரக்கர்களும் செய்து தருகிறாள். அவற்றால் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கமலம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்து, புடவையை முட்டிவரைக்கும் ஏற்றிக்கொண்டாள்.

“படம் எடும்மா. வலிக்கிற முட்டிய மட்டும் பாத்துக்கோ. மத்ததெல்லாம் கீறாப்பலயே இருக்கட்டும்.”

ஸ்வர்ணலதா ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னாள்.