துடுப்புப் போட்ட கழுகு

கழுகுகள் மீது வில்பருக்கு இருந்த மரியாதை ஒரு மீன் செதிலின் கனம்கூடத் தேறாது. அவன் ஊரில் எல்லாரும் பிறப்பால் இரண்டு குலப் பக்கங்களில் ஒன்று: அண்டங்காக்கை அல்லது கழுகு. அவன் அண்டங்காக்கைப் பக்கத்து ஆள். மனைவி கழுகுப் பக்கம். ஹூனா என்ற அந்தக் குளிர்கடல் ஊரில் பழைய குடும்பங்கள் எதிர்ப்பக்கத்தில்தான் பெண் எடுக்கும். கழுகைத் திட்டினால் மச்சானையும் சேர்த்துத் திட்டியதாகும். அந்த மச்சான் சைரஸ் மீன்பிடிக்க அதே படகில் உட்கார்ந்திருக்கும்போது வில்பர் சும்மா இருப்பானா?

கடல் வற்றும் நேரம், நீர் கரையைவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. தலை இன்னும் வெளுக்காத இளங்கழுகு ஒன்று பெரிய சால்மன் மீன்மீது பாய்ந்து, தூக்கமுடியாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டது. இறக்கைகளைத் துடுப்பாக்கிக் கரையை நோக்கி அடித்தது. அடிக்க அடிக்கக் கரை தள்ளிப்போனது.

"பாரு மச்சான், உங்காளு லட்சணத்த. காசுல எல்லாம் இவரு படந்தான். தண்ணில எறங்கத் தெரியல."

மீனையாவது விடுகிறதா, முட்டாள் என்றான் வில்பர். சென்ற வருடம் படகுத்துறையிலிருந்து தவறி விழுந்த ஒருவர் காப்பிக் குடுவையை விடாமல் ஒற்றைக் கையால் நீந்தியதைச் சைரஸ் நிதானமாக ஞாபகப்படுத்தினான். குடுவை புதுசு என்று வில்பர் முனகினான்.

அதற்குள் இறக்கைகள் ஓய்ந்தன. தலை மட்டும் தெரிந்தது. மனிதனையே கால் மணி நேரத்தில் விறைக்கவைக்கும் தண்ணீர்.

"செத்துரும் போலிருக்கு மச்சான்," என்றான் சைரஸ். குரலில் கேலி இல்லை.

வில்பர் காறித் துப்பினான். "செத்தா? உங்க பக்கம் சாவு விழுந்தா முறைப்படி குழி வெட்றது, பெட்டி செய்யறது எல்லாம் எங்க தலையிலதான. நீ உக்காந்து அழுவ. எனக்கு இடுப்பு வலி. வலைய எடு."

பறவைக்கும் திறந்த கடலுக்கும் நடுவே படகை நிறுத்தி, கைவலையால் அள்ளினான். அதுவரை மீனை விடாத கழுகு, படகில் விழுந்ததும் அதை விட்டுவிட்டு அவன் ரப்பர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டது. நன்றிகெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டான்.

கரையில் பாறைமேல் இறக்கிவிட்டார்கள். கழுகு தள்ளாடி நின்று, இறக்கைகளை விரித்துக் காயவைத்தது. இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சிக்கவில்லையே, மீனை நாமே கொண்டுபோகலாமா என்று சைரஸ் கேட்டான்.

வில்பர் அவனைப் புழுவைப் போலப் பார்த்தான். பிறகு துடுப்பால் மீனைப் பாறையில் தள்ளிவிட்டான்.

"முள்ளு பாத்துத் தின்னு, மடையா," என்றான் கழுகிடம்.