உறைபனிக்கு நல்ல வானம்

மலையேற வருகிறவர்களுக்கு எது நல்ல வானமோ, அதுவே உருளைக்கிழங்கு போட்டவனுக்குக் கெட்ட வானம். இதை நான் மேலே கூட்டிப்போகும் மணிலா நகரத்துக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டது போல இருந்தால், மேகமெல்லாம் இரவில் பள்ளத்தாக்கில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். விடியலில் எங்கள் புலாக் மலை உச்சியில் நிற்பவன் காலடியில் மேகக்கடலைப் பார்ப்பான். அதே இரவு கீழே என் வயலில் உறைபனி விழும். வெயில் படுவதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால் இலை கருகிவிடும்.

அன்று மதியம் ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். மணிலாக்காரர்களுக்கு என்னைப் போன்ற மலை வழிகாட்டிகள் எல்லாரும் 'குயா', அதாவது அண்ணன்.

"குயா, நாளைக்கு மழைன்னு காட்டுதே?"

"அத பைக்குள்ள போடும்மா. அந்த அடுப்புப் புகையப் பாரு, கம்பு மாதிரி நேரா போகுது. எதிர்மலையில மரத்த ஒண்ணொண்ணா எண்ணலாம். நாளைக்கு உனக்கு யோகம்தான்."

அவள் குதித்துக்கொண்டு போனாள். நான் என் வயலைத் திரும்பிப் பார்த்தேன்.

என் மனைவி மிந்தா ஆறு வருஷமாக ஹாங்காங்கில் யாரோ ஒரு கிழவிக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அவளுக்குப் பேருந்து. மலையடிவாரத்திலேயே பிறந்தவள், உச்சிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. நான் ஊரார் பெண்டாட்டிகளை எல்லாம் மேலே கூட்டிப்போன நாட்களில் அவள் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை என்னோடு போக வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். பத்து நாளும் காற்றும் மூடுபனியும் எங்களை வீட்டைவிட்டு நகரவிடவில்லை. கடைசி நாள் பார்த்துத்தான் இந்தப் பாழாய்ப்போன வானம் திறந்தது.

கிழங்கும் சும்மா இல்லை. இந்த ஒரு விளைச்சல் கைக்கு வந்துவிட்டால், அவள் இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று போனிலேயே பேசி வைத்திருந்தோம்.

மிந்தா வாசலில் காப்பியோடு நின்றாள். "என்ன சொல்லுது உன் வானம்?"

பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வரவில்லை. "இந்த வருஷத்துலயே இப்படி ஒரு காலை கெடைக்காது."

அவள் வயலைப் பார்த்தாள். அவளும் விவசாயி மகள்தானே.

"அப்ப பனியும் விழும்."

"விழும்."

ஆள் வைக்கவும் முடியாது. அப்படிப்பட்ட விடியலில் ஊரே அவரவர் வயலில் நிற்கும். குழாய் இழுக்க ஒருவர், அடிக்க ஒருவர் வேண்டும். ஒரு விடியலா, அவளோடு இரண்டு வருஷமா? நான் இரண்டு வருஷத்தைத்தான் கேட்டேன்.

"மேல போக வேணாம் மிந்தா," என்றேன். "கிழங்கக் காப்பாத்துவோம்."

அவள் ஒரு வாய் காப்பி குடித்தாள். "சரி, குழாய எடுத்து வை."

விடிகிற நேரத்தில் வயல் முழுக்க வெள்ளையாக இருந்தது. குழாய்க்குள் தண்ணீர் உறைந்து முதலில் வர மறுத்தது. நான் குழாயைத் திட்டினேன், கிழங்கைத் திட்டினேன், அதைக் கண்டுபிடித்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். மிந்தா குழாயை இழுக்க முடியாமல் சேற்றில் உட்கார்ந்து சிரித்தாள். வெயில் வருவதற்குள் கடைசி வரிசையையும் கழுவிவிட்டோம். இலைகள் பச்சையாக நின்றன. உச்சிப் பக்கமிருந்து ஜனங்கள் கத்துவது லேசாகக் கேட்டது. மேகக்கடலைப் பார்த்துவிட்டார்கள்.

"பொழச்சிருச்சு!" என்றேன். "இனிமே நீ கையெழுத்துப் போட வேணாம். அங்க போய் சொல்லிட்டு, மாசக் கடைசியில வந்துரு."

அவள் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "போட்டுட்டேன்."

"எப்ப?"

"கெளம்பறதுக்கு முன்னாடியே. போட்டாத்தான் லீவுன்னுட்டாங்க."

"அடிப்பாவி! நேத்தே சொல்லியிருந்தா மேல போயிருக்கலாமே! இந்தக் கிழங்கு எக்கேடு கெட்டா என்ன!"

"சொல்லியிருந்தா மேல வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னிருப்ப. மேகத்தத்தான் வாராவாரம் படம் எடுத்து அனுப்புறியே. இப்படி சேத்துல நின்னு நீ கத்துறத யாரு அனுப்புறா?"

கோபப்படலாம் என்றால் கோபமும் வரவில்லை. அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இழுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வருஷம். பேருந்துக்கு ஆறு மணி நேரம்.

"இன்னொரு தடவ திட்டேன்," என்றாள். "கேட்டுட்டுப் போறேன்."