ரெஜினா நின்றுகொண்டிருந்த நேரம்

எங்கள் ஊரில் வானிலை மாற வேண்டுமென்றால் முதலில் என் மனைவி ரெஜினாவுக்குத் தலை சுற்ற வேண்டும். அவளுக்கு முன்பு அது ஒரு தபால்காரருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகு மூன்று மாதம் ஒரே வெயில், ஒரே காற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை நடந்துகொண்டிருந்தபோது ரெஜினா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே தூறல் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.

நின்றபடி தடுமாறினால் மேகம் கூடும். உட்கார்ந்தால் மழை. படுத்துவிட்டால் புயல். எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது முதல் நான்கு மாதம் மழை விடவேயில்லை. ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிறந்த பிறகு பிள்ளைக்குக் குடைகள் வாங்கி வந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏங்க, கிறுகிறுன்னு வருது.”

“லேசாவா?”

“இல்ல. காதுக்குள்ள இரையுது.”

காது இரைந்தால் படுக்காமல் தீராது. அன்று பதினோரு படகுகள் கடலில் இருந்தன. ஒன்றில் அவளுடைய தம்பி கிளாட்வின் இருந்தான். வீட்டில் கட்டில் இருந்ததால் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

ஊர்க்கமிட்டித் தலைவர் வியாகுலம் வயர்லெஸ்ஸில் படகுகளைத் திரும்பக் கூப்பிட்டார். ஒரு மணிக்குள் ஒன்பது படகுகள் வந்துவிட்டன. கிளாட்வினின் படகில் என்ஜின் நின்றுவிட்டது. இன்னொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது. கரை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் சுகந்தி வந்து ரெஜினாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்.

“தொண்ணூறுக்கு அறுபது,” என்றார். “வடகிழக்குல இருந்து வரும்.”

கடலின் விளிம்பில், அவர் சொன்ன திசையில், கருப்பாக ஒன்று எழுந்து நின்றது. ரெஜினாவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். கருப்பு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

வியாகுலம் ஒரு கயிற்றோடு வந்தார். “தாயி, தப்பா நெனைக்காத. விளக்குக் கம்பத்தோட சேத்துக் கட்டிட்டா நீ விழ மாட்ட.”

“கட்டிப் போட்டா அது நிக்கிறதாகுமா, சித்தப்பா?”

ஆகாதுதான். அவர் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

அசையாத ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார் டாக்டர். கடல் அசைந்தது. படகுக் கொடி அசைந்தது. கூடியிருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். அதனால் நான் அவள் எதிரில் போய் நின்றேன். செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்கிறவன் நான். அசையாமல் நிற்பது எனக்குப் பழக்கம். அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு மூக்கு அரித்தது. நான் கையைத் தூக்கவில்லை.

இரண்டரை மணிக்கு வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. “கயிறு அறுந்துபோச்சு. மறுபடி கட்டுறோம்.”

ரெஜினாவின் முழங்கால்கள் மடங்கின. என் தோளில் முதல் துளி விழுந்தது. கருப்பு பாதி வானத்துக்கு வந்திருந்தது.

“முடியலங்க. ஒரே ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன்.”

“கிறுகிறுப்புல பாதிய எனக்குக் குடு,” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “வாங்கினா திருப்பித் தர முடியாது. அப்புறம் கோபுரம் ஏற முடியாது உங்களால.”

“வேணாங்க,” என்றாள் ரெஜினா. அப்போதும் அவள் என் சட்டையை விடவில்லை.

நான் குனிந்து என் நெற்றியை அவள் நெற்றியோடு சேர்த்தேன். வெந்நீர் ஊற்றியதுபோல் அது உள்ளே வந்தது. தரை இடதுபக்கமாகச் சாய்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ரெஜினா நிமிர்ந்தாள். மேகம் நடுவில் கிழிந்து, பாதி அவள் பக்கமும் பாதி என் பக்கமும் ஒதுங்கியது. இரண்டுக்கும் இடையே இரண்டு படகு போகும் அகலத்துக்கு வெயில் அடித்தது.

இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சாய்ந்தால் நான் எதிர்ப்பக்கம் சாய வேண்டியிருந்தது. வியாகுலம் தாழ்ந்த குரலில் தூரம் சொல்லிக்கொண்டிருந்தார். மூணு மைல். ரெண்டு. ஒண்ணு. பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஓடினார்.

மூன்றே முக்காலுக்குப் படகின் அடி மணலில் உரசியது. கிளாட்வின் குதித்து, நனைந்த காலோடு ஓடி வந்தான்.

“அக்கா,” என்றான். “படுத்துக்க.”

அவள் அந்த இடத்திலேயே மணலில் படுத்தாள். நானும் அவள் பக்கத்தில் சாய்ந்தேன். எங்களை ஒரு வலையில் கிடத்தித் தூக்கி மீன் ஏலக்கூடத்துக்குள் கொண்டுபோனதாகப் பிறகு சொன்னார்கள். அந்தப் புயலில் பதினாறு கூரைகள் போயின. ஆட்கள் யாரும் போகவில்லை.

மறுநாள் காலை நானும் ரெஜினாவும் கிளாட்வினும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். எனக்கு இன்னும் தரை சரியாகவில்லை. ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். சீட்டுக் கொடுக்கும் பெண் எங்களுக்குப் பத்தாம் எண் கொடுத்தாள். ஒன்பதாம் எண் கடலுடையது. அதற்கு ராத்திரி முழுக்க வாந்தியாம். வெளிறிப்போய், சத்தமில்லாமல், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. ரெஜினா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளாட்வின் மட்டும் நின்றுகொண்டான்.

“ஒன்பது,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.