அரிசி கழுவும் பேய்

இயக்குநர் மியோங் கிதாக்கின் பேய்ப்படங்களை மாயாஜாலக் குப்பை என்று கல்லூரிப் பத்திரிகையில் எழுதியவள் பியோ யோன்ஜு. எனக்கு ஒரு வருஷம் ஜூனியர், சினிமாப் பேராசிரியர் மகள். என் அப்பா பூசான் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதலில். அந்தப் பேய்ப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, யாரும் படிக்காத பிளாக்கில் பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகு கிதாக்குக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. உடனே யோன்ஜுவுக்கு அவர் மேதை.

சியோலில் அவருடைய புதுப்படம் திரையிட்டு முடிந்ததும் கலந்துரையாடல். அதை நடத்துவது யோன்ஜு. மேடையில் அவர் பக்கத்து நாற்காலி அவளுக்கு, கடைசி வரிசை எனக்கு. மேடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்து, இவளுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

கேள்வியை எல்லாரும் போனில், பொது அரட்டை அறையில் தட்ட வேண்டும். பெயர் தெரியாது. பெயருக்குப் பதில் ஆளுக்கொரு பழமோ பூனையோ படமாகத் தெரியும், அவ்வளவுதான். மேடையில் இருப்பவள் பொறுக்கிப் படிப்பாள். நான் தட்டினேன்: முதல் படத்தில் பேய் அரிசி கழுவிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் ஏன் வெள்ளையாகவில்லை?

யோன்ஜு போனைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, தனக்கே தோன்றியதுபோல அதைக் கேட்டாள்.

கிதாக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பானையில அரிசியே இல்லைங்க. இத்தனை வருஷத்துல இதைக் கவனிச்சது நீங்க ஒருத்தர்தான்."

அவள் தலைகுனிந்து வணங்கினாள். மறுக்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "சார், அதைக் கேட்டது நான்."

மொத்த அரங்கமும் திரும்பியது. "அட, தாசோம் அக்காவா? பேரைப் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள், மைக்கில், தேனொழுக. சிரித்தார்கள். கிதாக் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்ப இந்தப் படம் எப்படிங்க இருந்துச்சு?"

நல்லா இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பார்வை எனக்கே எனக்கு. வாய் வரவில்லை.

"இதுல உயிரே இல்ல சார். பழைய பேய் கடைசி வரைக்கும் முகத்தைக் காட்டல, நாங்க நடுங்கினோம். இந்தப் பேய் உட்கார்ந்து அழுதுக்கிட்டே தன் கதையைச் சொல்லுது. பின்னாடி வயலின் வேற."

நன்றி என்றார். முகம் இறுகிவிட்டது. யோன்ஜு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அரங்க வாசலில், போஸ்டர் முன்னால் அவரையும் யோன்ஜுவையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இருந்தாலும் வெளியே மழையில் குடையை விரிக்காமல் நின்று, அவளிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.