சீசன் நேரத்தில் செத்த ஜெர்லாண்டோ

1

இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை; மேயர் ஸ்பதாரோவின் தொப்பையில் உதித்தது. சிசிலியின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கோடையில் வந்திறங்கும் பயணிகளுக்கு நகராட்சி தினமும் ஒரு தாள் கொடுக்கிறது. அதில் கதை எழுதுவது என் பிழைப்பு.

"கடல், மலை, பாதாம் தோப்பு, கிரேக்கர் கோயில், எல்லாம் ஒரே கதையில வரணும்ப்பா. வெயில் தாராளமா அடிக்கட்டும்," என்றார் மேயர். எழுதினேன்:

'கோயில் தூண்கள் பொன்வெயிலில் குளிக்க, நீலக்கடல் சிரிக்க, ஜெர்லாண்டோ தன் பாதாம் தோப்பில்...'

[செத்துப்போனார். நிஜமாகவே. வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். கடல் சிரித்ததாம்! எனக்கே கூசுகிறது.]

2

யாராவது இறந்தால் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பைச் சதுக்கத்துச் சுவரில் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒட்டினால்தான் செத்ததாகக் கணக்கு. இந்த வருஷம் மேயர் உத்தரவு போட்டுவிட்டார்: சீசன் முடியும்வரை சதுக்கத்தில் சாவு அறிவிப்பு கூடாது. பயணிகளுக்கு ஐஸ்கிரீம் இறங்காதாம். சாகத் தடையில்லை; சத்தம் போடாமல் சாக வேண்டும்.

ஜெர்லாண்டோவின் மனைவி நுன்சியா ஒட்டிய அறிவிப்பை நகராட்சி ஆள் கிழித்துவிட்டான். அவள் நேராக மேயர் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"பேரு சுவத்துல வரலேன்னா நாய் செத்த மாதிரி ஆயிடாதா?"

"ரெண்டு மாசம் பொறுத்துக்குங்கக்கா."

"நான் பொறுப்பேன். இந்த வெயில்ல அவரு பொறுப்பாரா?"

மேயர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது கதையில அந்த மனுஷனை நவம்பர்ல சாகடி."

3

நுன்சியாவுக்கு ஊரே திரண்டு வர வேண்டாம். ஒரே ஒருத்தன் வந்தால் போதும்: கொழுந்தன் சாரோ. தோப்பு வேலித் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு முறிந்து பல வருஷம். கடைசி மூச்சுவரை ஜெர்லாண்டோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவள் நெஞ்சை அறுத்தது.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சேதி அவன் காதுல விழுந்திருக்கும் தம்பி. ஆனா சுவத்துல பாக்கலயே, எனக்கெப்படித் தெரியும்னு தப்பிச்சுக்குவான், கல்லுளிமங்கன்! சாக்கே இருக்கக் கூடாது அவனுக்கு." என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். "இதுல போடு."

"இது பயணிகளுக்கான தாளுக்கா."

"அவங்க எங்க படிக்கிறாங்க? பாதிக் கட்டு நேரா மீன்கடைக்குப் போகுது. மத்தி மடிச்சுத் தர்றான். சாரோவுக்கு மத்தி இல்லாம சோத்துல கை போகாது."

[என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம்.]

4

முடிவு அ: சாரோ ஓடி வந்து சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (நுன்சியாவே நம்ப மாட்டாள்.)

முடிவு ஆ: மாதா கோவில் நிறையத் தொப்பி போட்ட பயணிகள், படம் எடுத்தபடி. (மேயருக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு இ:

[எழுத வரவில்லை. மேயர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். அவர் எழுவதற்குள் இதை அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாளைக் காலை உங்கள் கைக்கு வரும்.]

ஜெர்லாண்டோ இறந்துவிட்டார்.
அடக்கம் இன்று மாலை நாலு மணிக்கு, மாதா கோவிலில்.
மனைவி நுன்சியா.

மற்ற வாசகர்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

சாரோ அண்ணே, மீனை அப்புறம் பொரிச்சுக்கலாம். படிச்சிட்டீங்க. தெரியாதுன்னு இனிமே சொல்ல முடியாது.