அம்பாள் சொன்ன காலேஜ்

ராஜராஜனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் ஜெயபாரதி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததும், கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும்கூட, "எம் பொண்ணு எந்தக் காலேஜ கேட்டாலும் சேத்து வுட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார். அவள் கேட்டது கோயம்புத்தூர் காலேஜை. நல்ல காலேஜ், படித்து முடித்தால் வேலை நிச்சயம். ஃபீஸையும் ஹாஸ்டல் செலவையும் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றியது. சீர்காழிப் பக்கத்துக் காலேஜில் அதில் பாதிகூட ஆகாது. ஆனால் அங்கே வாத்தியார்கள் நிலைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

முடியாது என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன, தலையா போய்விடும்? இந்த மனுஷரால் அது மட்டும் முடியவில்லை.

"அம்பாள்கிட்ட பூப்போட்டுப் பாத்துருவோம். அவ சொல்றதுதான்" என்றார்.

பெண் எடுத்தாலும் போர்வெல் போட்டாலும் அந்த வீட்டில் இப்படிக் கேட்டுத்தான் செய்வார்கள். சிவப்பு அரளி வந்தால் கோயம்புத்தூர், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் சீர்காழி. பொட்டலங்களை அவரே மடித்தார். இரண்டிலும் நந்தியாவட்டையையே வைத்தார்.

கோயிலில் குருக்கள் இரண்டையும் அம்பாள் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, தட்டை நீட்டினார். ஜெயபாரதி கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. முகம் வாடிவிட்டது. ராஜராஜனுக்குப் பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

"அந்தச் செகப்பையும் பிரிச்சுக் குடும்மா, அம்பாளுக்கே சாத்திடறேன்" என்றார் குருக்கள்.

"அது வேணாங்க சாமி" என்று ராஜராஜன் கை நீட்டுவதற்குள் அவள் தாளை விலக்கிப் பார்த்துவிட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

தாளை மறுபடி மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். "பூ கசங்கிப் போச்சுங்க சாமி, சாத்த முடியாது."

வெளியே செருப்பு மாட்டும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "முடியலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வேணான்னுருப்பேம்ப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு.

அதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து ஊர்க்காரர் ரெத்தினம் கூப்பிட்டார். "என்னா ராஜராஜா, பாப்பா எந்தக் காலேஜு?"

ஜெயபாரதிதான் பதில் சொன்னாள்.

"சீர்காழிதாங்க பெரியப்பா. அப்பா கோயம்புத்தூர்லதான் சேப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அம்பாள்தான் விடல."

ரெத்தினம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராஜராஜனும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மகள் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.