கடைசி வரி வரைக்கும்

பெரிய டீச்சர் தன் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. தோற்றவர்களைப் பார்த்திருக்கிறார்; தோற்கடித்தும் இருக்கிறார். தலைமை ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் தெருவில் இறங்கினால், பேரன் பேத்தி எடுத்த ஆட்களுக்குக்கூடக் கை தன்னால் போய் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்ளும்.

ஆகவே, ஒரு நாள் காலையில் வாசற்கதவின் நிலை கோணலாகத் தெரிந்தபோது அவர் கண் டாக்டரைத் தேடவில்லை. தச்சரைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன வேலை செஞ்சு வச்சிருக்கே? நடுவுல வளைஞ்சு நிக்குது பாரு."

தச்சர் நூல் பிடித்துப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு டீச்சர்."

"நூலும் வளைஞ்சிருக்கு."

தச்சர் நூலைச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற டீச்சரின் தங்கையைப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் நின்றுபோன தங்கை. புருஷன் போன பிறகு அக்காவோடு வந்து சேர்ந்தவள். அக்காவின் வாயில் அவளுக்கு ஒரே பெயர்தான்: மக்கு. அந்த மக்குதான் மறுநாள் அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சருக்கு இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. பல வருஷத்துக்கு முன் அது மங்கியபோது, அன்றைய டாக்டர் "வயசானா அப்படித்தாம்மா" என்ற ஒரே வாக்கியத்தில் நோயைக் கண்டுபிடித்து, வைத்தியமும் பார்த்து, பீஸையும் வாங்கிக்கொண்டார். இப்போது காலம் மாறியிருந்தது. இந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் படம் வரைந்தே காட்டினார்.

"விழித்திரைக்கு அடியில வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. அதான் நேரா இருக்கிறது வளைஞ்சு தெரியுது. கண்ணுக்குள்ள ஊசி போட்டா கசிவு வத்திடும். முன்னெல்லாம் மாசாமாசம் போடணும். இப்ப வந்திருக்கிற மருந்து அதிக நாள் தாங்கும். கண்ணு நல்லா இருந்தா, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல இடைவெளியைத் தள்ளிக்கிட்டே போகலாம். ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டா போதும்."

ஊசி வேலை செய்தது. சில வாரங்களில் நிலை நிமிர்ந்தது. தச்சரை வழியில் பார்த்தபோது டீச்சர் பெருந்தன்மையோடு சொன்னார்: "பரவாயில்லை, தானா நிமிர்ந்துடுச்சு."

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் விழா என்ற பெயரில் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிய ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியது. விழித்திரையை அடுக்கடுக்காக, வெங்காயத்தை அரிந்தது போலக் காட்டுமாம். அதற்கு இடம் வேண்டுமென்று பழைய மெஷினை வெளியூர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். புதியதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது. முக்கியப் பிரமுகர் ஒருவர் வந்து அதை வெட்ட வேண்டும். பிரமுகர் முதலில் வெளிநாடு போயிருந்தார். திரும்பியபோது ஜலதோஷம் பிடித்திருந்தது. ஜலதோஷம் விட்டபோது தேதி நல்லதாக இல்லை. கத்திரிக்கோல் வெல்வெட் தட்டில் தயாராக இருந்தது. தட்டைத் தினமும் துடைத்தார்கள். மெஷினைத் தொட யாருக்கும் தைரியமில்லை.

"ஸ்கேன் பிறகு எடுத்துக்கலாம். எழுத்துப் பலகையைப் படிக்கட்டும், போதும்," என்றார் பெரிய டாக்டர்.

எழுத்துப் பலகை இருந்த அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. உள்ளே யார் என்ன படித்தாலும் பெஞ்சுக்குக் கேட்கும். "ட. ப ம. க ர ய..." என்று ஒருவர் பின் ஒருவராக ஒப்பிப்பார்கள். அன்று டீச்சருக்கு முன்னால் போன கிழவர் நான்காவது வரியில் தடுக்கி விழுந்தார். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னங்க, போன தடவை இதைவிட நல்லாப் படிச்சீங்களே?" என்றார். கிழவர் குற்றவாளியைப் போலத் தலை குனிந்து வெளியே வந்தார்.

அதைக் கண்டதும் பெரிய டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பரீட்சை! பெஞ்சில் உட்கார்ந்தபடியே, அடுத்தடுத்துப் போனவர்கள் படிப்பதற்குக் காதைத் தீட்டிக்கொண்டார். அவர் முறை வருவதற்குள் பலகை முழுவதும், கடைசி வரி வரைக்கும், மனப்பாடம்.

அன்றைக்கு அதற்குத் தேவையே இருக்கவில்லை. பாதிப் பலகை நன்றாகவே தெரிந்தது. தெரியாத பாதியை நினைவிலிருந்து எடுத்துப் போட்டார். பெரிய டாக்டர் கை தட்டினார். "பிரமாதம்! அடுத்த ஊசியைத் தள்ளிப் போடலாம்."

தள்ளிப் போட்டார்கள். மறுமுறையும் கடைசி வரி வரைக்கும். மறுபடி தள்ளினார்கள். வராந்தாவில் 'நட்சத்திர நோயாளிகள்' என்று ஒரு போர்டு உண்டு. அதில் டீச்சரின் படம் முதலிடத்துக்கு வந்தது. தங்கையோடு அதன் முன் நின்று, "பக்கத்துல இருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"அதுதான்க்கா நீங்க. நீங்க பார்க்கிறது காலண்டர்."

டீச்சர் காலண்டரிடமிருந்து மரியாதையாக விலகி நடந்தார்.

வீட்டில் டீ கப்புக்குப் பக்கத்தில் விழ ஆரம்பித்தது. தங்கை சத்தமில்லாமல் துடைத்தாள். நிலை மறுபடி வளைந்தது. இந்த முறை டீச்சர் தச்சரைக் கூப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் தங்கை பயந்தாள்.

"அக்கா, டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுவோம்க்கா. பலகையை மனப்பாடமா ஒப்பிக்கிறீங்கன்னு..."

"யாருடி சொன்னா?"

"தூக்கத்துல ஒப்பிக்கிறீங்க."

"மக்கு. நீ எட்டாவதுல என்னத்தை ஒப்பிச்சே? அவர் சந்தோஷமா இருக்காரு, நான் சந்தோஷமா இருக்கேன். நடுவுல நீ யாரு?"

தங்கை தனியாகப் போனாள். பெரிய டாக்டரை வராந்தாவில் மடக்கி, "டீயைக் கப்புக்கு வெளிய ஊத்துறாங்க டாக்டர்" என்றாள். இன்னும் சொல்ல வாயெடுத்தாள்; அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது, பிரமுகர் வீட்டிலிருந்து. போனை மார்பில் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வயசானா கை நடுங்கத்தாம்மா செய்யும். கண்ணு பிரமாதமா இருக்கு. விழாவுல அவங்கதான் நம்ம ஹீரோயின்."

கடைசியில் பிரமுகர் வந்தார். மேடை போட்டார்கள். புதிய மெஷினைச் சக்கரம் தள்ளி மேடைக்கே கொண்டுவந்திருந்தார்கள். பிரமுகர் பார்வையைப் பற்றி, தொலைநோக்குப் பார்வையைப் பற்றி, தன் அப்பாவின் பார்வையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு ரிப்பனை வெட்டினார். பிறகு பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"இப்ப நம்ம நட்சத்திர நோயாளி உங்க முன்னாடியே படிச்சுக் காட்டுவாங்க."

டீச்சர் எழுந்து போனார். புடவை மடிப்புக் கலையாமல், தலை நிமிர்ந்து, பழைய நாட்களில் காலைப் பிரார்த்தனைக்கு நடப்பாரே, அப்படி. மேடையில் ஒரு பெரிய திரை ஒளிர்ந்தது. புதிய மெஷினோடு வந்த புதிய பலகை அது. ஒவ்வொரு தடவையும் எழுத்துகளை மாற்றிப் போடும். இதைப் பெரிய டாக்டர்தான் காலையில் பெருமையாக எல்லோருக்கும் சொன்னார். டீச்சருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ட," என்று ஆரம்பித்தார் டீச்சர். "ப ம. க ர ய..."

திரையில் முதல் எழுத்தாக, ஆள் உயரத்துக்கு, 'வ' நின்றது.

பெரிய டாக்டர் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரமுகர் கைபேசியில் தன் படம் எப்படி விழுந்திருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் குரல் கணீரென்று ஏறியது. ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. கடைசி வரியை முடித்ததும் பிரமுகர் பழக்க தோஷத்தில் கை தட்டினார். அவர் தட்டியதால் சபையும் தட்டியது.

முன் வரிசையில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த தங்கை எழுந்து நின்றாள்.

"அக்கா. அது வேறக்கா."

கைதட்டல் ஒவ்வொன்றாக அறுந்தது. பெரிய டாக்டர் அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தார். மைக்கை வைத்துவிட்டு டீச்சரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மெஷினின் முன் உட்கார வைத்தார். ரிப்பன்தான் வெட்டியாகிவிட்டதே. மோவாயை வைக்கச் சொன்னார். விழித்திரை அதே பெரிய திரையில், அடுக்கடுக்காக விரிந்தது. உண்மையாகவே நல்ல மெஷின். நடுவில், பார்வை கூர்மையாக விழ வேண்டிய இடத்தில், அடுக்குகள் மேடாகக் குவிந்து இறுகியிருந்ததை அது அவ்வளவு தெளிவாகக் காட்டியது. யாரோ மைக்கை அணைத்தார்கள். நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டார்கள்.

அறைக்குள் மூன்று பேர் மட்டும் இருந்தபோது பெரிய டாக்டரின் குரலில் மேடை இல்லை.

"கசிஞ்சு கசிஞ்சு தழும்பாயிடுச்சும்மா. கசிவை ஊசி வத்த வைக்கும். தழும்பை அழிக்காது. இன்னும் பரவாம இருக்க ஊசி போடுவோம். ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை..." நிறுத்தினார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

டீச்சர் கைக்குட்டையை நான்காக மடித்தார்.

"பண்ணது தப்புதான். என் கிளாஸ்ல ஒரு பிள்ளை காப்பி அடிச்சா, அதோட முதுகைப் பார்த்தே புடிச்சிடுவேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும் நீங்க புடிச்சிடுவீங்கன்னு பயந்துகிட்டேதான் வந்தேன். நீங்க கை தட்டுனீங்க."

பெரிய டாக்டர் மேசை மேல் இருந்த அழைப்பிதழைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். அந்த வாரமே வராந்தா போர்டில் முதலிடம் காலியானது. ஆணி மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாலையில் டீச்சர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"சபையில எழுந்து சொல்லிட்டேன்னு கோவமாக்கா? திட்டுங்க. மூஞ்சியைத் திருப்பிக்காதீங்க."

"திருப்பிக்கலடி."

"சுவத்தைத்தானே பார்க்கிறீங்க."

"நேரா பார்த்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணும் இல்ல. ஒரு கறை. காதும் கொண்டையும் மட்டும் சுத்திலும் நிக்குது." டீச்சர் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பினார். "இப்படித் திரும்புனாத்தான் நீ தெரியறே."

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அழுறியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. தெரியுது," என்றார் பெரிய டீச்சர். அது உண்மையில் தெரிந்ததா, காதால் கேட்டு ஒப்பித்ததா என்று தங்கை கேட்கவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அக்கா பார்த்துக்கொண்டிருந்த சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"மக்கு," என்றார் டீச்சர். "அங்க வந்தா மறுபடி மறைஞ்சு போறே. பழைய இடத்துக்கே போ."